முதல் இரண்டு வாரம்

(இணையவழி இளங்கலைப் படிப்புகளைத் தொடங்கவிருக்கும் கல்லூரி ஒன்றில், அப்படிப்புகளுக்குப் பாடம் நடத்தவிருக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையவழிப் படிப்பில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அறிமுக வகுப்பை எப்படி நடத்துவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிளஸ் டூ முடித்து நான்கு வருடம் கழித்து, நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் இணையவழி பி.காம். சேர்ந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பு என்று சேர்ந்த முதல் ஆள் அவர்தான். வீட்டில் நல்ல போன் ஒன்றே ஒன்று. அதைத் தம்பி வைத்து விளையாடி முடித்த பிறகுதான் இவர் கைக்கு வரும். முதல் அசைன்மென்ட்டைத் தாளில் எழுதினார். ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா உதவியோடு அதைப் பிடிஎஃப் ஆக்கினார். கடைசி நாளுக்கு முதல்நாள் இரவு பத்தரை மணிக்கு மேல் ஏற்றினார். கோப்பின் பெயர் திரையில் தெரிந்தது. அதற்குக் கீழே, மாற்றங்களைச் சேமி என்று பொருள்படும் ஆங்கிலப் பொத்தான். அதை அழுத்தினார். போய்விட்டது என்று நம்பிப் படுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. பூஜ்யம்.

நாங்கள் பயன்படுத்தியது மூடுல் என்கிற மென்பொருள். நீங்களும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஓர் அமைப்பு உண்டு. ஆசிரியர் அந்த அமைப்பை இயக்கி வைத்திருந்தால், கோப்பை ஏற்றிச் சேமித்தாலும் அது வெறும் வரைவாகவே கிடக்கும். சேமித்த பிறகு அதே பக்கத்தில் இன்னொரு பொத்தான் வரும். அதையும் அழுத்தி, கேட்கிற கேள்விக்கு ஆமாம் சொன்னால்தான் சமர்ப்பித்ததாகக் கணக்கு. கணினித் திரையில் அந்தப் பொத்தான் கண்ணில் படும். போனில் கீழே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அவர் தள்ளிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவும் இல்லை.

பூஜ்யத்தைப் பார்த்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த அசைன்மென்ட்டை எழுதவில்லை. தேர்வுக்கும் வரவில்லை. செமஸ்டர் முடிந்து, வராதவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தபோதுதான் எனக்கு இந்தக் கதை தெரிந்தது. "எனக்கு இதெல்லாம் வராதுங்க சார், அதான் விட்டுட்டேனுங்க" என்றார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பதினோரு பக்கம், கையெழுத்து முத்து முத்தாக. வரைவாக அப்படியே கிடந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நிறுவனம் அறிமுக வகுப்பு நடத்தாமல் இல்லை. இரண்டரை மணி நேரம் ஜூமில் நடந்தது. நிறுவனத்தின் வரலாறு, படிப்பின் சிறப்பு, விதிமுறைகள், வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றுக்கும் ஸ்லைடு இருந்தது. அந்தப் பெண்ணும் அதில் கலந்துகொண்டார். வருகைப் பதிவில் பெயர் இருக்கிறது. கம்பெனி வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபடி காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டதாகப் பிறகு சொன்னார். அவ்வளவு நேரப் பேச்சில் அந்த இரண்டாவது பொத்தான் வரவே இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அறிமுகம் என்பது கேட்கிற காரியமாக இருந்தால் பயன்படாது, அது செய்கிற காரியமாக இருக்க வேண்டும். முதல் மதிப்பெண்ணுக்குரிய கெடு வருவதற்குள், அந்தப் படிப்பில் செய்ய வேண்டியிருக்கிற ஒவ்வொரு வேலையையும் மாணவர் ஒருமுறை தன் கையால், தன் போனில் செய்து பார்த்திருக்க வேண்டும். தப்பாகச் செய்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்கிற நிலையில் செய்து பார்த்திருக்க வேண்டும். பார்த்தாரா இல்லையா என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்க்காதவரைத் தேடிப் போக வேண்டும்.

மூடுலைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியமாஸ் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் நடுவே, பள்ளிக்கூடமே இல்லாத ஒரு குடியிருப்பில் வளர்ந்தவர். வானொலிப் பள்ளி வழியாகப் படித்தவர். அந்த நாட்டில் 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் அந்த முறை தொடங்கியது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் பண்ணை வீடுகளில் இருந்த பிள்ளைகள் சிற்றலை வானொலியில் ஆசிரியரோடு பேசுவார்கள், ஆசிரியரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் சொல்வார். தொலைவில் தனியாக உட்கார்ந்து படித்த ஒருவர் 2002-ல் வெளியிட்ட மென்பொருளைத்தான் இன்று உலகமெங்கும் கல்லூரிகள் பயன்படுத்துகின்றன. மென்பொருள் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் குரலைத்தான் நாம் சேர்த்துக்கொள்ளவில்லை.

மாணவர்கள் எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று பார்ப்போம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய எட்எக்ஸ் திறந்த பாடங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஜஸ்டின் ரைக்கும் உடன் ஆய்வாளர் ஒருவரும் அலசி 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள்ளேயே நுழையவில்லை. 2017-18-ல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். அவை இலவசப் பாடங்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அதனால் அந்த எண்ணை நம் பட்டப்படிப்போடு அப்படியே ஒப்பிடக்கூடாது. ஆனால் வாசலுக்கு வந்து நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை என்பது என்னை யோசிக்க வைத்தது. பாடம் கடினம் என்று அவர்கள் போகவில்லை. பாடத்தை அவர்கள் பார்க்கவே இல்லையே.

நம் மாணவர்களுக்கு நெருக்கமான ஆய்வு இன்னொன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிகளில் படித்த 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை டி ஷூ, ஷானா ஜாகர்ஸ் என்ற கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பொதுவாக எல்லோருமே நேர்வகுப்பைவிட இணையவழிப் பாடத்தில் சற்றுப் பின்தங்கினார்கள். ஏற்கெனவே மதிப்பெண் குறைவாக வாங்கியவர்களும் கறுப்பின மாணவர்களும் ஆண்பிள்ளைகளும் மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்தார்கள். நேர்வகுப்பில் இருந்த இடைவெளி இணையத்தில் இன்னும் அகலமானது. கல்வியை எட்டாதவருக்கு எட்ட வைப்பதற்காகத்தான் இதைத் தொடங்குகிறோம். சும்மா விட்டுவிட்டால் அவர்களைத்தான் இது முதலில் வெளியே தள்ளும்.

அப்படியானால் நல்ல அறிமுகம் ஒன்றைத் தொடக்கத்தில் கொடுத்துவிட்டால் போதுமா? ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு நடத்திய 247 பாடங்களில், இரண்டரை ஆண்டுகள், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவுகள் 2020-ல் வெளியாயின. எந்த நாள், எந்த நேரம், எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறாய் என்று தொடக்கத்திலேயே மாணவரை எழுத வைத்தார்கள். முதல் சில வாரம் பலன் தெரிந்தது. பிறகு கரைந்துவிட்டது. கடைசியில் முடித்தவர் எண்ணிக்கை உயரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசித்தபோது நம் அனுபவமும் அதுதானே என்று பட்டது. ஒருநாள் ஊற்றிய தண்ணீர் ஒருவாரம் வரை ஈரம் காக்கும். அடுத்த வாரம் மறுபடி ஊற்ற வேண்டும். அறிமுகத்தை ஒரு நிகழ்ச்சியாக நினைக்காமல் முதல் இரண்டு வாரத்துக்கும் பரப்பி வையுங்கள், மூன்றாவது வாரமும் ஐந்தாவது வாரமும் ஒருமுறை தொட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இக்னோ 1985-ல் வந்தது. முழுக்க இணையத்திலேயே பட்டம் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதி வகுத்தது 2018-ல். 2020-ல் தொலைநிலைக்கும் இணையவழிக்கும் சேர்த்து ஒரே விதிமுறை ஆக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இப்படித் தருகிற பட்டம் நேரில் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் யுஜிசி தெளிவுபடுத்தியது. பட்டம் சமம் என்றால், சேர்ந்தவர் அதை முடிப்பதற்கு நாம் எடுக்கிற சிரத்தையும் சமமாக இருக்க வேண்டுமல்லவா?

சேர்க்கையிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. இப்போது தொலைநிலையிலோ இணையவழியிலோ சேர வேண்டுமென்றால் மாணவர் முதலில் கிரெடிட் வங்கிக் கணக்கு எண்ணான ஏபிசி ஐடி எடுக்க வேண்டும். அதைக் கொண்டு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு போர்ட்டலில் டெப் ஐடி எடுக்க வேண்டும். ஓடிபி வரும், ஆதார் கேட்கும். இங்கேதான் நம் தமிழ்ப் பெயர் மாட்டிக்கொள்கிறது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுசாக இருக்கும். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஏறியிருக்கும். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. நம்மில் யாருக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? ஒரு பையன் அந்தக் கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டான். தேர்வு நேரத்தில் அடையாள அட்டையும் ஹால் டிக்கெட்டும் ஒத்துப்போகாமல் அலைந்தான். ஆகவே உங்கள் அறிமுகத்தின் முதல் வேலை பாடத்தைப் பற்றியதாக இருக்க வேண்டாம். மாணவர் தன் பெயரைத் திரையில் எழுதிப் பார்க்கட்டும். மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடட்டும். திருத்த வேண்டியிருந்தால் எங்கே, எப்படி என்று அப்போதே சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. இதை யாருமே மாணவரிடம் நேர்மையாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். திறந்தநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்று வைத்தால் 600 மணி நேரம். இருபது வாரத்தில் பிரித்துப் போட்டால் வாரத்துக்கு 30 மணி. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புகிற ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லாமல், உங்கள் வசதிப்படி படிக்கலாம் என்று மட்டும் விளம்பரம் செய்கிறோம். அவரும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் ரேஷன் கடைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் போய்விடுகிறது. மூன்று வாரம் இப்படிப் போனால் 90 மணி நேரம் பாக்கி. அதற்குப் பிறகு போர்ட்டலைத் திறக்கவே பயமாக இருக்கும். வாரத்தின் ஏழு நாளையும் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஷிஃப்ட்டையும் சமையலையும் பயணத்தையும் குறித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று மாணவரையே எண்ண வையுங்கள். பன்னிரண்டு மணிதான் தேறுகிறது என்றால், இந்த செமஸ்டரில் குறைந்த பாடங்களை எடுக்க வழியுண்டா, படிப்பை எத்தனை வருடம் வரை நீட்டிக்கலாம் என்று விளக்குங்கள். சேர்க்கை எண்ணிக்கை குறையுமே என்று தயங்காதீர்கள். தெரிந்து சேருகிறவர்தான் நிலைத்து நிற்பார்.

இதைச் சரியாகச் செய்கிற இடங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. என்பிடெல் பாடங்களைப் பார்த்திருப்பீர்கள். பல பாடங்களில் முதல் வாரத்துக்கு முன்பே பூஜ்ய வாரம் என்று ஒன்று இருக்கும். அதில் ஒரு சின்ன அசைன்மென்ட். மதிப்பெண் கணக்கில் சேராது. ஆனால் அதைச் செய்கிற மாணவர் உள்ளே நுழைந்து, கேள்வியைத் திறந்து, விடையைத் தேர்ந்து, சமர்ப்பித்து முடித்துவிடுகிறார். அடுத்து வருகிற நிஜ அசைன்மென்ட்டில் கை நடுங்காது. 12 வாரப் பாடம் என்றால் அசைன்மென்ட்களில் மிகச் சிறந்த எட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் கோயில் திருவிழா என்றாலும் ஒரேயடியாகப் போய்விடாது. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. இதை முதல் நாளே மாணவர் புரிந்துகொண்டால் ஒரு வாரம் தவறியதற்காகப் படிப்பையே விட்டுவிட மாட்டார்.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. விண்ணப்பித்தவர்களுக்கு நான்கு வாரப் பாடத்தை நிஜமாகவே நடத்துகிறார்கள். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை. வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. அதில் தேறியவர்கள் நேரில் போய் ஒரு தகுதித் தேர்வு எழுதுகிறார்கள். அதைத் தேர்வு என்று பார்க்கிறவர்கள்தான் அதிகம். நான் அதை ஓர் அறிமுக வகுப்பாகப் பார்க்கிறேன். இந்தப் படிப்பு எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் கேட்கும், நம் வீட்டு நெட் இதற்குத் தாங்குமா என்பதெல்லாம் முழுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மாணவருக்குத் தெரிந்துவிடுகிறது. நாம் வடிகட்ட வேண்டாம், நம் கல்லூரியின் நோக்கம் வேறு. நிஜப் பாடத்தின் ஒரு துண்டைக் கையில் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்கிற முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் கடைசியாகப் பொறுப்பில் இருந்த மூன்று வருடம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதல் வாரத்துக்கு ஒரே ஒரு அசைன்மென்ட். வீட்டில் நீங்கள் உட்கார்ந்து படிக்கப் போகிற இடத்தை ஒரு பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மதிப்பெண் கிடையாது. அனுப்பிய பிறகு திரையில் என்ன தெரிகிறது என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். அவ்வளவுதான். அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் வரைவு என்று இருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவோம். முதல் வருடமே நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் அங்கே மாட்டியிருந்தார்கள். எல்லோரும் புத்திசாலிப் பிள்ளைகள்.

எதிர்பாராமல் இன்னொன்றும் கிடைத்தது. அவர்கள் எழுதியதைப் படித்தோம். மாடிப்படியின் கீழ், ஆட்டோவுக்குள், மாமியார் தூங்கிய பிறகு அடுப்படியில், ஏடிஎம் காவலாளியாக உட்காருகிற நாற்காலியில். யாருக்குப் பகலில் போன் செய்யக்கூடாது, யாருக்கு வீடியோ ஓடாது, யாருக்குப் பாடத்தை ஒலியாக மட்டும் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத் தாள்களிலிருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. மாணவர் நம்மை அறிவது மட்டும் அறிமுகமாகிவிடாது, நாமும் அவரை அறிய வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ட்டல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். ஆனால் பொத்தானின் பெயரை மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள். திரையில் சப்மிட் என்று இருந்தால் சப்மிட் என்றே சொல்லுங்கள். சமர்ப்பி என்கிற பொத்தானைத் தேடி மாணவர் அரைமணி நேரம் அலைவார். வீடியோவை உங்கள் ஆபீஸ் கணினியில் பதிவு செய்யாமல் சாதாரண போன் திரையில் பதிவு செய்யுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், டேட்டா தீரும்.

எல்லாவற்றிலும் பெரியது போன் அழைப்பு. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டரை ஒதுக்கி வந்திருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய ஆர்மண்ட் சிம்ப்சன், மாணவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதே, நீயாகப் போய்க் கேள் என்று எழுதிக்கொண்டே இருந்தவர். பாடம் தொடங்கும் முன்பே ஒரு போன் போட்டுப் பேசினால் மாணவர் நிலைத்திருப்பது கூடுகிறது என்று அங்கே சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். உதவி மையம் வைத்திருக்கிறோம், எண் கொடுத்திருக்கிறோம் என்று நாம் சொல்வது போதாது. தனக்குத்தான் வரவில்லை என்று நினைக்கிறவர் அந்த எண்ணை அழைக்கவே மாட்டார். வெட்கம் தடுக்கும். பூஜ்யத்தைப் பார்த்த அந்தத் திருப்பூர்ப் பெண்ணிடமும் எங்கள் உதவி எண் இருந்தது.

உங்கள் கல்லூரியில் முதல் அணியில் முந்நூறு பேர் சேரப் போவதாகச் சொன்னீர்கள். இங்கே ஆசிரியர்கள் இருபது பேர் இருக்கிறீர்கள். ஆளுக்குப் பதினைந்து பேர். முதல் வாரம் லாகின் செய்யாதவர்கள் யார், அந்தச் சின்ன அசைன்மென்ட்டை அனுப்பாதவர்கள் யார் என்று மூடுலே பட்டியல் கொடுக்கும். வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலை எடுங்கள். பதினைந்தில் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களைப் பகலில் அழைக்க வேண்டாம். பகலில் போன் லாக்கரில் இருக்கும், அல்லது சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருப்பார். இரவு ஒன்பதரைக்கு அழையுங்கள். ஏன் செய்யவில்லை என்று தொடங்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொள், ஸ்பீக்கரில் போடு, இப்போது சேர்ந்தே திறப்போம் என்று சொல்லுங்கள். கடைசிப் பொத்தானை அவர் அழுத்தி, திரையில் சப்மிட்டட் என்று வந்துவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்கிற வரைக்கும் போனை வைக்காதீர்கள்.